வெளியே மூச்சு விடாதீர்கள்

நான் வெறுமனே பெட்டி மாட்டுகிறவன்.
துஸ்லாவில் பதினோரு பள்ளிக்கூடங்கள்,
ஒரு ஏணி, ஒரு துளைப்பான்,
பை நிறைய வெள்ளைப் பெட்டிகள்.
சோப்புக்கட்டி அளவுதான் ஒவ்வொன்றும்.
இரண்டு எண்கள் காட்டும்.
மேலே, நாம் விட்ட மூச்சு.
கீழே, நமக்கு வந்த தூசு.

நாலாம் வகுப்பு பி பிரிவு. ஜனவரி.
அனல் நிலையத்துப் புகை
எழுந்திருக்க மனமில்லாமல்
கூரைகளின் மேல் குப்புறப் படுத்திருந்தது.
கொக்கியில் தொங்கிய கோட்டுகளில்
வீட்டு அடுப்புக் கரியின் வாடை.

காற்று நுழைந்த மரச் சன்னல்கள் போன வருடமே போய்விட்டன.
புதியவை இரட்டைக் கண்ணாடி, ரப்பர் விளிம்பு.
ஒரு துளிச் சூடும் ஒழுகாது என்று
திறப்பு விழாவில் யாரோ பேசினார்களாம்.
உண்மைதான். எதுவுமே ஒழுகவில்லை.
இரண்டாம் பாடவேளை முடிகையில் மேல் எண்
இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
இருபத்தெட்டுப் பிள்ளைகள்
ஒருவர் விட்டதை ஒருவர் வாங்கி
வகுத்தல் கணக்கின் நடுவே
கண் சொருகிக் கிடந்தார்கள்.

ஸும்ரெதா டீச்சர் சன்னலைத் திறந்தார்.
மேல் எண் மளமளவென்று இறங்கியது.
கீழ் எண்
நாற்பது, தொண்ணூறு, நூற்று எழுபது
மூடினார்.
திறந்தார்.
மூடினார்.
கைப்பிடியில் கையை வைத்தபடி
என்னைப் பார்த்தார்.
நான் ஏணியை மடக்கினேன்.

"எல்லாரும் மூச்சை அடக்கினால் குறையுமா?"
கேட்டவன் வேதாத், கடைசி பெஞ்சு.
யாரும் பதில் சொல்வதற்குள்
இருபத்தெட்டுக் கன்னங்கள் உப்பின.
ஒரு வகுப்பறை அப்படி அமைதியானதை
நான் அதற்கு முன் கேட்டதில்லை.
வெந்நீர்க் குழாய் மட்டும் எங்கோ டிக் டிக்கென்றது.
எண் குறையவில்லை.
மூன்று கூடியது.

முதலில் இருமியவள் இல்ஹானா.
சிரித்தார்கள்.
அவள் பையில் துழாவி
நீல இன்ஹேலரை எடுத்ததும் நிறுத்தினார்கள்.
இரண்டு முறை உறிஞ்சிவிட்டு
பெட்டியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:
"அதிலே என் பங்குதான் ரொம்பக் கம்மி."

தலைமையாசிரியர் ஃபெரிட் என்னை
வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.
நல்ல மனிதர். காபி கொடுத்தார்.
மூச்சுக்கு முந்நூறு தடவை
பிள்ளைகள், பிள்ளைகள் என்றார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"அந்த எண்களைப் பற்றி
வெளியே மூச்சு விடாதீர்கள்."
வெளியே வந்தேன்.
புகை முழங்கால்வரை இறங்கியிருந்தது.
அவர் சொன்னபடியே
கார்வரை மூச்சு விடாமல் நடந்தேன்.

மார்ச்சில் பேட்டரி மாற்றப் போனேன்.
சன்னலோரம் கோடு போட்ட காகிதம் ஒட்டியிருந்தது,
தேதி, மணி, புகை சாய்ந்த திசை,
எல்லாம் பென்சிலில்.
புகைபோக்கியைப் பார்க்க ஒரு முறைக்காரன்.
அன்றைக்கு வேதாத்,
நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தான்.
மலைப்பக்கம் புகை சாய்ந்தால் ஏழு நிமிடம் திறக்கலாம்,
ஆனால் இல்ஹானா சரி என்று சொல்ல வேண்டும்.
அது யார் போட்ட சட்டம் என்று கேட்டேன்.
தெரியவில்லை என்றார் டீச்சர்.

பெட்டியைக் கழற்றினேன். திரை இருண்டது.
இல்ஹானா சன்னலை ஒரு விரற்கடை திறந்து
மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள்.
"இப்போ" என்றாள்.
நாலு சன்னலும் ஒரே வீச்சில் திறந்தன.
காகிதங்கள் பறந்தன, யாரோ கத்தினார்கள்,
வகுப்பு முழுக்க ஈர மண்ணின் குளிர்.
பெட்டிக்கு உயிர் வந்தபோது
கீழ் எண் முப்பத்தொன்று.

"எப்பவும் சரியாத்தான் சொல்வாளா?" என்று கேட்டேன்.
வேதாத் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.
"போன மாதம் ஒரு தடவை தப்பாச்சு.
நாலு நாள் வரலை."